ரயிலுக்கு மட்டும் தெரிந்த கோடு

எங்கள் அழைப்பை ஏற்று இந்த விழாவின் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும், மகிழம் அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், பெருமதிப்பிற்குரிய வேதசிரோமணி ஐயா அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் நம் பெயிண்டர்கள் சங்க நிர்வாகிகளே! சுண்ணாம்பு அடித்த காலத்திலிருந்து சுவர்களோடு பேசிவரும் பெரியவர்களே! சாரத்தில் ஏறி, சாயம் குழைத்து, சேலையூர் முதல் செம்பாக்கம் வரை சுவர்களைச் சிரிக்க வைக்கும் அண்ணன்மார்களே! சுவரின் பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பறக்கும் தூளையெல்லாம் தலையில் வாங்கிக்கொண்டு வெள்ளைத் தலையோடு வீடு திரும்பும் அக்காமார்களே! அந்த வெள்ளைத் தலைகளை அடையாளம் கண்டு கதவு திறக்கும் தாய்மார்களே! முன்வரிசை நாற்காலிக்குச் சண்டை போட்டு அந்த நாற்காலியின் காலையே உடைத்த தம்பி தங்கைகளே! பெயிண்டர் குமரவேலின் மகள், பிளஸ் ஒன் படிக்கும் ஜீவிதா, உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் சங்க அலுவலகத்துக் கரும்பலகையில், பெயிண்டர்களுக்குப் பயன்படும் செய்திகளை எழுதிப்போடுவது என் வேலை. "வருசம் பூரா எழுதினதானே, மேடையில ஏறி அதையே பேசிடு" என்று அப்பாவின் குழுவில் பட்டி பார்க்கும் முனியம்மா அக்கா என்னை இங்கே தள்ளிவிட்டார். பலகையில் எழுதினால் பிழை இருந்தால் அழித்துக்கொள்ளலாம். மேடையில் பேசினால் எதை வைத்து அழிப்பது?

சற்று முன் வேதசிரோமணி ஐயா தம் தலைமையுரையில் ஒன்று சொன்னார். மகிழம் அடுக்ககத்தின் ஏ பிளாக்கில், ரயில் பாதையைப் பார்த்த சுவர் எண்பது அடி அகலத்துக்கும் ஒரே சீராக இருக்கிறது என்றார். அது முழுக்கக் குமரவேல் குழுவின் கைவண்ணம் என்றார். மீதி மூன்று பிளாக்குகளையும் அதே குழுவுக்கே தரப்போவதாகவும், அந்த ஒப்பந்தத்தில் இந்த மேடையிலேயே கையெழுத்திடப்போவதாகவும் அறிவித்தார். அதோ, மேசைமேல் அந்த நீலக் கோப்பு. ஆறு பேருக்கு ஒரு வருட வேலை அதற்குள் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். மண்டபத்தில் இரண்டே இரண்டு பேர் தட்டவில்லை. ஒருவர் என் அப்பா. இன்னொருவர், இந்த வேலைக்கு அப்பாவோடு போட்டி போட்டுத் தோற்ற கிபாயத்துல்லா பாய்.

ஏன் தட்டவில்லை? அந்தக் கதை என் கையில் இருக்கும் தாளில் இருக்கிறது. ஆனால் "யாரோ ஒரு பெயிண்டர்னு சொல்லு, பேரு வாணாம்" என்று அப்பா கேட்டுக்கொண்டார். ஐயா இப்போது பெயரைச் சொல்லியே பாராட்டிவிட்டார். அப்பா, பெயரைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருங்கள். அதற்குள் நான் செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன்.

மழை போய்விட்டது. வெயில் வந்துவிட்டது. வேலையும் வரப்போகிறது! மே மாத விடுமுறையில்தான் பல பள்ளிக்கூடங்கள் வண்ணம் பூசுகின்றன. மே மாதம் போய் நின்றால் யார் தருவார்? மார்ச்சிலேயே போய்க் கேளுங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி ஆனது என்று ஒரே இடத்தில் நின்று எடுத்த இரண்டு படங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அஸ்தினாபுரத்தில் ஓர் அண்ணன் தம் படங்களைக் காட்டியபோது ஒவ்வொன்றிலும் அவரே நடுவில் நின்றார். சுவர் எங்கே என்று வீட்டுக்காரர் தேடினாராம். சிரிக்காதீர்கள், அவர் இங்கேதான் இருக்கிறார்.

மழையில் நனைந்த சுவரைத் தொட்டுப் பார்த்து "காஞ்சிட்சி" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு, மறுநாள் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. வீட்டுக்காரர் அவசரப்பட்டால் அந்தத் தாளையே அவரிடம் காட்டுங்கள். நாம் சொன்னால் நம்பாதவர் தண்ணீர்த் துளியை நம்புவார்.

பழைய எனாமலைத் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். கையைக் கழுவாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அந்தக் கையைத் தின்னரில் கழுவாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள். உயரத்தில் ஏறும்போது இடுப்பில் பெல்ட்டும் தலையில் ஹெல்மெட்டும் வேண்டும். "பெல்ட்டு கட்டினா வேகம் வராது" என்கிறீர்களா அண்ணா? கீழே வரும் வேகம் போதாதா?

நல வாரியத்தில் பதியாதவர்களும், பதிந்துவிட்டுப் புதுப்பிக்க மறந்தவர்களும் வாசலில் இருக்கும் மேசைக்கு வாருங்கள். படிவம் நிரப்ப நானும் என் தோழி ஷபீனாவும் உட்கார்ந்திருப்போம். ஆதார் அட்டை கொண்டுவராதவர்கள் காரணம் மட்டும் கொண்டுவராதீர்கள்.

பட்டி பார்ப்பதோடு தங்களை நிறுத்திவிடுகிறார்கள் என்று வருந்தும் அக்காமார்களே, உங்களுக்கும் ஒரு சொல். ரோலர் பிடிக்க ஆணின் கை என்று தனியாக ஒன்று இருக்கிறதா? சுவர் அதைக் கேட்கிறதா? பயிற்சியும் சான்றிதழும் தரும் இடங்களில் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். விவரம் வந்தால் பலகையில் எழுதுவேன். வந்து பாருங்கள்.

இப்போது திரும்பிப் பார்க்கிறேன். மூன்றாம் வரிசையில் அப்பா எழுந்து நிற்கிறார். என்ன அப்பா? சத்தமாகச் சொல்லுங்கள். "பேர சொல்லியே பேசும்மா." கேட்டீர்களா? பேர சொல்லியே பேசு என்கிறார்!

சொல்கிறேன். ஐயா பாராட்டிய அதே சுவர், மூன்று வாரங்களுக்கு முன் இரண்டு நிறத்தில் இருந்தது.

நான் தினமும் ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் பள்ளிக்கு வருகிறேன். பெருங்களத்தூர் தாண்டியதும் ஏ பிளாக்கின் அந்தச் சுவர் வரும். சாரத்தைப் பிரித்த மறுநாள், என் அப்பா வண்ணம் பூசிய சுவர் என்று பெருமையோடு எட்டிப் பார்த்தேன். காலை வெயில் சுவரில் நேராக விழுந்தது. வெயிலோடு ஒரு கோடும் விழுந்தது! இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில், அளந்து கட்டியதுபோல ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இளஞ்சந்தனம். கோட்டுக்குக் கீழே அதே சந்தனம், ஆனால் கொஞ்சம் வெண்ணெய் சேர்த்தது.

எப்படி வந்தது அந்தக் கோடு? அந்தச் சுவருக்கு மூன்று பக்கெட் பெயிண்ட். இரண்டு பக்கெட்டுகளை மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் கலந்து வாங்கினார்கள். மூன்றாவது போதாமல்போய், அவசரத்துக்கு வேறொரு கடையில் கலந்தார்கள். அதே கம்பெனி, அதே எண். ஆனால் ஒரே எண்ணில் கலந்தாலும், ஒரு தடவை கலந்ததற்கும் மறு தடவை கலந்ததற்கும் மயிரிழை வேறுபாடு வரலாம். அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். மூன்றையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கியிருக்க வேண்டும். கலக்கவில்லை. வேலையை நிறுத்துவதென்றால் சுவரின் மூலையில்தான் நிறுத்த வேண்டும். இருட்டிவிட்டது என்று நடுச்சுவரில் நிறுத்தினார்கள். மறுநாள் மூன்றாவது பக்கெட்டைத் திறந்து அதே இடத்தில் தொடங்கினார்கள். பிறந்தது கோடு!

ஆறு பேர் வேலை செய்தார்களே, ஒருவருக்குமா தெரியவில்லை? தெரியாது. சாரத்தில் நிற்பவரின் மூக்குக்கும் சுவருக்கும் ஒரு முழம்தான் தூரம். அந்த முழத்துக்குள் சுவர் முழுவதும் ஒரே நிறம். அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் ஜன்னலும் இல்லை, நடைபாதையும் இல்லை. அந்தக் கோட்டைப் பார்த்தவர்கள் ரயிலில் போனவர்கள் மட்டுமே.

நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆறு தபா ஏறி எறங்கினவன் நானு. எனக்குத் தெரியாத கோடு, கட கடன்னு ஓடுற ரயில்ல போற உனக்குத் தெரிஞ்சிட்சா? கண்ணாடி நம்பரு மாறிடிச்சா பாரு!" என்றார்.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுநாளும் பார்த்தேன். கோடு இருந்தது. மூன்றாம் நாள் பெண்கள் பெட்டியில் கால்வைக்க இடமில்லை. பொதுப் பெட்டியில் ஏறினேன். வாசல் கம்பியைப் பிடித்தபடி, என்னைப்போலவே கழுத்தை நீட்டி ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிபாயத்துல்லா பாய்!

"இன்னா ஜீவிதா, நீயும் பாத்துட்டியா?" என்றார்.

"எதை பாய் மாமா?" என்றேன், ஒன்றும் தெரியாதவள்போல.

"தோ பார்றா, எங்கிட்டயேவா! மூணு நாளா பாத்துகினு கீறேன். உங்கப்பனுக்கு இன்னும் தெரியாது, அதான?"

இவர் போய் ஐயாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று பிளாக்கும் இவர் பக்கம் சாய்ந்துவிடும். அதை அவரே மறைக்கவில்லை.

"ஒளிக்காம சொல்றேம்மா. ஞாயித்துக்கெழம அந்த செகரட்டரிய இட்டுகினு வந்து இதே வண்டியில ஏத்தி, 'பாருங்க சார் உங்க சொவர'ன்னு காட்டலாம்னுதான் இருந்தேன். நேத்து மனசு மாறிட்சி."

"ஏன் மாமா?"

"நேத்து இதே இடத்துல ரெண்டு பேர் பேசிகினு வந்தாங்க. ஒருத்தர் வூட்டுக்கு பெயிண்ட் அடிக்கணுமாம். இந்த சொவர காட்டி, 'இந்தத் தாம்பரம் பெயிண்டருங்க லட்சணம் இதான், வெளியூர்லேந்து ஆள் இட்டாரலாம்'ன்றாரு. குமரவேல் பெயிண்டருன்னு சொல்லல. தாம்பரம் பெயிண்டருங்கன்றாரு! எங்கையில நகக்கண்ணு பூரா பெயிண்டு. மேல கம்பியப் புடிச்சிகினு இருந்த கைய எறக்கி பாக்கெட்ல வச்சிகினேன்."

அன்பானவர்களே, இருபத்தைந்து வருடம் இந்த ஊருக்கு வண்ணம் பூசிய கை அது! ஒளித்துவைக்க வேண்டிய கையா அது? ஆனாலும் ஒளித்தார். யார் செய்த பிழைக்காக? தன்னைத் தோற்கடித்தவர் செய்த பிழைக்காக.

அடுத்த நாள் காலை அப்பாவைக் கையைப் பிடித்து ரயிலில் ஏற்றினேன். பாயும் வந்தார். சுவர் வந்தது, போனது. அப்பா தாம்பரத்தில் இறங்கி நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தார். "இத்தினி நாளு சொவத்து மேல மூக்க வச்சிகினே இருந்துட்டேன் பாய்" என்றார்.

"அழுவாத மச்சான். மூக்குதான் போச்சு, கை கீதுல்ல?" என்றார் பாய். அதன் பிறகு இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டே கணக்குப் போட்டார்கள். கிழக்குப் பார்த்த சுவர். உச்சிவெயில் தாண்டி நிழல் விழுந்த பிறகுதான் அடிக்க வேண்டும். சூடான சுவரில் அடித்தால் திட்டுத் திட்டாகும். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் மறுபடியும் கோடு. ஐந்து மணி நேரத்தில் மொத்தச் சுவர்! அப்பாவின் ஆறு பேரால் பாதிச் சுவர்தான் முடியும். மீதிப் பாதிக்கு ஆள்?

"என்னோட சேத்து எங்க ஆளுங்க ஆறு பேரு நாளைக்கு சும்மாதான் கீறாங்க" என்றார் பாய். சும்மா இல்லை. பல்லாவரத்தில் வேலை இருந்தது. ஒரு நாள் தள்ளிப்போட்டார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் பெரிய டிரம் ஒன்றில், புதிதாக வாங்கிய நான்கு பக்கெட்டையும் ஊற்றி, கட்டை போட்டுக் கலக்கோ கலக்கென்று கலக்கினார்கள். இந்தப் பக்க மூலையிலிருந்து ஐந்து பேர், அந்தப் பக்க மூலையிலிருந்து ஆறு பேர், மொட்டைமாடியிலிருந்து பெல்ட்டும் கயிறும் கட்டித் தொங்கி, மேலிருந்து கீழாக, ஈரம் காயும் முன் ஒருவர் கை நின்ற இடத்தில் மற்றவர் கை தொடங்கியது. பன்னிரண்டாவது ஆள் முனியம்மா அக்கா. அவர் எங்கே இருந்தார்? ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் காலி மனையில், கைப்பேசியோடு! "அண்ணே, மூணாவது மாடி, எடது பக்கம், ஒரு கை உட்டுட்ட! அங்க இல்ல, அட, உன் எடது இல்ல, என் எடது!" என்று அவர் போட்ட சத்தத்துக்கு ஒரு சரக்கு வண்டியே ஹாரன் அடித்துப் பதில் சொல்லிவிட்டுப் போனது.

விளக்கு வைக்கும் நேரத்தில் சுவர் முடிந்தது. "இன்னொரு கோட்டு பெயிண்டு அடிச்சோம்" என்று மட்டும் காவலாளியிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

கதிரேசன் அண்ணா பின்வரிசையிலிருந்து ஏதோ சொல்கிறார். "சொவரு சரியாப்பூட்சில்ல, இத்த மேடையில சொல்லி வேலைய ஏன் கெடுத்துக்கற?" நல்ல கேள்வி அண்ணா. நாலு பேருடைய மனதில் இருப்பதை நீங்கள் வாய்விட்டுக் கேட்டுவிட்டீர்கள்.

சுவரில் வந்த கோட்டை அழித்துவிட்டோம். ஆனால் ஐயா பன்னிரண்டு பேரின் வேலைக்கு ஆறு பேரைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு அந்தக் கோப்பையும் வாங்கிக்கொண்டால், புதிதாக ஒரு கோடு விழாதா? அதை எந்த டிரம்மில் கலக்கி அழிப்பது?

இன்னும் ஒன்று. கண் இருந்தால் போதுமா? பார்க்கத் தூரம் வேண்டாமா? தூரத்தில் நின்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? கடைசி கோட்டு அடிப்பதற்கு முன்னால், சாரத்தைப் பிரிப்பதற்கு முன்னால், வேறொரு குழுவிலிருந்து ஒரு பெயிண்டரைக் கூப்பிடுங்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். "இன்னா தப்பு கீதோ சொல்லு" என்று கேளுங்கள். அவர் போட்டிக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. நம் குறையை அவரைவிடக் கவனமாக வேறு யார் தேடுவார்? கேட்பதால் நம் கை தாழுமா? தாழாது! அந்தச் சொல் நமக்குள் சொல்லப்பட்டால் திருத்தம். ரயில் பெட்டியில் சொல்லப்பட்டால் தாம்பரத்துப் பெயிண்டர் ஒவ்வொருவரும் கையைப் பாக்கெட்டுக்குள் வைக்க வேண்டிய தலைகுனிவு! நம் கைகள் பாக்கெட்டுக்குள் போகப் பிறந்த கைகளா? கம்பியைப் பிடிக்கட்டும்! உயரப் பிடிக்கட்டும்! நகக்கண்ணில் இருக்கும் பெயிண்டை ஊர் பார்க்கட்டும்!

பொறுங்கள், பொறுங்கள். கைதட்டலை நிறுத்துங்கள். ஐயா என்னிடம் ஏதோ கேட்கிறார். ஒலிபெருக்கி என் கையில் இருப்பதால் நான் திருப்பிச் சொல்கிறேன். "நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமாம்மா?" என்கிறார்.

தெரிந்திருக்காது ஐயா.

"இன்னும் மூணு பிளாக்ல நான் பாக்க முடியாத சுவர் எத்தன இருக்கு?"

அப்பா, நீங்கள் சொல்லுங்கள். அப்பா ஒன்பது என்கிறார், ஐயா.

ஐயா கோப்பைத் திறக்கிறார். பேனாவை எடுக்கிறார். ஏதோ எழுதுகிறார். கையெழுத்து இல்லை, நீளமாக எழுதுகிறார். படிக்கச் சொல்லி என்னிடம் தருகிறார். படிக்கிறேன். "ஒவ்வொரு சுவரையும், சாரம் பிரிப்பதற்கு முன், கிபாயத்துல்லா அவர்கள் தள்ளி நின்று பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்." கீழே ஐயாவின் கையெழுத்து!

வேலை போகவில்லை கதிரேசன் அண்ணா, வேலை போகவில்லை!

பாய் மாமா ஏன் தலையாட்டுகிறார்? "கண்ணுக்கு மட்டுந்தான் வேலையா சார்? கைக்கு இல்லியா?" என்கிறார். சிரிக்காதீர்கள், கேட்கவிடுங்கள். அப்பா எழுந்து மேடைக்கே வருகிறார். ஐயாவிடம் குனிந்து பேசுகிறார். என்ன அப்பா? சத்தமாக! "பி, சி நான் பாத்துக்கறேன். டி பிளாக்க பாய்க்குக் குடுங்க சார். அவர் சொவர நான் தள்ளி நின்னு பாக்கறேன். ஒரு கோடு இருந்தாலும் உடமாட்டேன்!"

மூன்றில் ஒன்றை அப்பா கொடுத்துவிட்டார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஐயா அடித்துத் திருத்தி எழுதுகிறார்.

பேச என்னிடம் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. ஆனால் எதற்கு? அதோ, அப்பாவும் பாயும் முனியம்மா அக்காவும் இப்போதே வாசல் பக்கம் நடக்கிறார்கள். "மொதல்ல டி பிளாக்கு மேற்கு சொவர அளக்கலாம்" என்கிறார் ஒருவர். "அதுல பாசி கீது, சொரண்டாம ஒண்ணும் அளக்க வாணாம்" என்கிறார் மற்றவர். அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது! கேட்க வந்தவர்கள் பேச்சு முடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். பேச்சாளருக்கு இதைவிடப் பெரிய கைதட்டல் வேறு உண்டா?

உட்கார்ந்திருந்து கேட்ட உங்களுக்கும், எழுந்துபோன அவர்களுக்கும், குறையைக் கேட்டும் கோப்பை மூடாத ஐயாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. படிவ மேசையில் ஷபீனா காத்திருக்கிறாள். பெயிண்ட் காயாத கைகளோடு வந்தாலும் பரவாயில்லை, வாருங்கள். உங்கள் எல்லோருக்கும் என் மகிழ்ச்சியான வணக்கம்!